பாதியில் நிற்கும் 1969 கமேரோ: அப்படியே விற்பதா, ஓடவைத்து விற்பதா, பிரித்து விற்பதா?

அமெரிக்காவில் நிற்கும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1969 செவ்ரலே கமேரோ. டிங்கர் வேலை முடிந்து, பாடி சாம்பல் நிற எபாக்ஸி பிரைமரில் நிற்கிறது. முன்பக்கம் புது சப்ஃப்ரேம் (இன்ஜினையும் முன் சக்கரங்களையும் தாங்கும் சட்டம்), பின்பக்கம் ஃபோர்டு 9 அங்குல அச்சு. ஜெனரல் மோட்டார்ஸின் நவீன வி8 ஆன எல்எஸ்3 இன்ஜின் ஸ்டாண்டில் தொங்குகிறது, ஆறு கியர் கொண்ட டி56 மேக்னம் கியர்பாக்ஸ் அட்டைப்பெட்டியில். வயரிங் ஒரு பெட்டி, கண்ணாடிகள் சுவரோரம், இருக்கை இல்லை, பெயின்ட் இல்லை. வீடு மாறவேண்டும், அல்லது பணம் தேவைப்படுகிறது, அல்லது கை சலித்துவிட்டது. எப்படி விற்பது?

வழிகள் நான்கு. உள்ளது உள்ளபடி, பெட்டிகளோடு சேர்த்து மொத்தமாகத் தள்ளுவது. இன்ஜினை ஏற்றி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, பெயின்ட் அடிக்காமல் விற்பது. இன்ஜினும் கியர்பாக்ஸும் தனியாக, உருளும் பாடி தனியாக என்று இரண்டாக விற்பது. கடைசியாக, ஆணி வரை கழற்றி உதிரியாக விற்பது. கடையில் கொடுத்து முழுதாக முடித்து விற்பதை ஐந்தாவதாகச் சிலர் சொல்வார்கள். பாதியில் நிற்கும் வண்டிக்கு அது வழியே இல்லை. கடைக்காரரின் மணிக்கூலி விற்பனை விலையில் முழுதாகத் திரும்பி வராது, வேலை சொன்ன தேதிக்கு முடிவதும் அரிது.

முதலில் விலை எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்துவிடவேண்டும். விற்பவர் போட்ட காசைக் கூட்டிக்கொண்டே வருவார். வாங்குபவரோ முடிந்த வண்டியின் விலையிலிருந்து கழித்துக்கொண்டே வருவார். மிச்ச வேலைக்கு ஆகும் செலவைக் கழிப்பார். அதோடு, கண்ணுக்குத் தெரியாத கோளாறுகளுக்கென்று ஒரு தொகையையும் பயத்தில் கழிப்பார். அந்தப் பயத்தொகையைக் குறைப்பது மட்டும்தான் விற்பவர் கையில் இருக்கிறது.

கணக்குக்காகச் சில எண்கள். வண்டி வாங்கியது 20,000 டாலர், தகரமும் டிங்கர் கூலியும் 20,000, இன்ஜின், கியர்பாக்ஸ், அதைச் சார்ந்தவை 16,000, சப்ஃப்ரேமும் பின் அச்சும் 11,000, சக்கரமும் பிரேக்கும் 5,000, சில்லறை 2,000. ஆகமொத்தம் 74,000. இதே மாதிரி முடிந்த வண்டி 90,000-க்குப் போகும் என்று வைப்போம். பெயின்ட், இன்டீரியர், வயரிங், கண்ணாடி, குரோம், பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்து மிச்ச வேலை 40,000. பயத்தொகை 12,000. வாங்குபவர் சொல்லும் விலை 38,000. போட்ட காசில் பாதிதான். இது அடிமாட்டு விலை இல்லை, நியாயமான கணக்கு. ரசீதுக் கட்டைக் காட்டிப் பேரம் பேசினால் இந்த எண் மேலே ஏறாது. ஆனால் ரசீதுகள் வேறு விதத்தில் உதவும்: எந்தப் பாகம், எந்த வருடம், எந்தக் கம்பெனி என்று நிரூபித்து அந்தப் பயத்தொகையைக் குறைக்கும்.

அப்படியே விற்பதென்றால், அதிலும் செய்யவேண்டிய வேலை இருக்கிறது. வண்டி உருளவேண்டும், ஸ்டீரிங் திரும்பவேண்டும், டயர்களில் காற்று நிற்கவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் வின்ச் வைத்த டிரெய்லரில் ஓட்டுநர் தனியாளாக இழுத்து ஏற்றிவிடுவார். இல்லாவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் தேவை. வெளிமாநில ஆட்கள் அதைக் கேட்டதுமே விலகிவிடுவார்கள்.

அடுத்து, கதவு, ஃபெண்டர், பானெட், டிக்கி மூடி எல்லாவற்றையும் போல்ட்டில் தொங்கவிடுங்கள். இரண்டு நாள் வேலைதான். சுவரில் சாய்த்து வைத்த கதவைப் பார்ப்பவருக்கு அது வண்டியோடு பொருந்துமா என்பது தெரியாது. தொங்கும் கதவின் இடைவெளி மேலிருந்து கீழ் வரை சுமார் 3/16 அங்குலம், அதாவது நான்கைந்து மில்லிமீட்டர், ஒரே சீராக ஓடினால் அந்த ஒரு கோடே டிங்கர் வேலையின் தரத்தைச் சொல்லிவிடும். கீழே விரிந்து மேலே ஒட்டினால், குவார்ட்டர் பேனலை (பின் சக்கரத்தை மூடும் பக்கத் தகரம்) வெல்டு செய்தபோது கதவைத் தொங்கவிட்டுப் பார்க்கவில்லை என்று தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். அப்படி இருந்தால் மறைக்காமல் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிரைமர் விஷயத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். எபாக்ஸி பிரைமர் தகரத்தை ஈரத்திலிருந்து காக்கும். சாதாரண யூரித்தேன் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும், அதனடியில் துரு பூக்கும். இரண்டும் பார்க்க ஒரே சாம்பல் நிறம்தான். அதனால் எந்தத் தயாரிப்பு, எந்த மாதம் அடித்தது, எத்தனை கோட் என்று எழுதி, டப்பாவின் லேபிளையும் படம் எடுத்துப் போடுங்கள். எபாக்ஸியின் மறுபூச்சுக் கெடு பெரும்பாலும் சில நாள்தான். கெடு தாண்டிவிட்டால் மேலே எதை அடிப்பதற்கு முன்பும் தேய்த்தாகவேண்டும் என்பது வாங்குபவருக்குத் தெரியட்டும். பிரைமர் அடிக்கும் முன் எடுத்த வெறும் தகரப் படங்கள் இருந்தால் அவைதான் உங்கள் கையில் உள்ள பெரிய சொத்து. கௌல் (முன்கண்ணாடியின் அடியில் உள்ள தகரம்), பின் ஃப்ரேம் ரெயில், பின்கண்ணாடியின் கீழ்ப்பட்டி, தரைத் தகரம், குவார்ட்டரின் அடிப்பகுதி ஆகிய இடங்களில்தான் இந்தத் தலைமுறை கமேரோ துருப்பிடிக்கும். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக்கூடாது, தடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது என்பதால் வருகிறவர் காந்தத்தோடு வருவார். நீங்களே காந்தத்தை எடுத்துக் கொடுங்கள்.

பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பாகங்களையும் தரையில் பரப்பி, மேலிருந்து படம் எடுத்து, பைகளில் போட்டு எண் ஒட்டுங்கள். இல்லாதவற்றுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். கண்ணாடி மோல்டிங் கிளிப், கதவு ஸ்ட்ரைக்கர், பேனல்களுக்கு அடியில் வைக்கும் ஷிம் தகடுகள் போன்ற சின்னச் சாமான்கள்தான் பின்னால் ஆளை அலையவிடும். "90 சதவீதம் முடிந்தது" என்று மட்டும் எழுதவேண்டாம். மிச்சம் இருக்கும் பத்து சதவீதத்தில்தான் பெயின்ட்டும் இன்டீரியரும் இருக்கின்றன என்பது இந்த வண்டிகளை வாங்குகிற எல்லோருக்கும் தெரியும்.

இனி, ஓடவைத்து விற்பது. கையில் கருவியும் நான்கைந்து மாத வாரக்கடைசிகளும் இருந்தால், பெரும்பாலான வண்டிகளுக்கு இதுதான் சரியான வழி. காரணம் எளிது. ஸ்டாண்டில் நிற்கும் இன்ஜின் நல்லது என்று சொல்ல உங்கள் வாய்தான் சாட்சி. காலையில் குளிர்ந்த நிலையில் முதல் சாவியில் பற்றிக்கொள்ளும் இன்ஜினுக்கு அந்தச் சாட்சி தேவையில்லை. நம் கணக்கில் எரிபொருள் டாங்க், பம்ப், பிரேக் குழாய்கள், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், டிரைவ்ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து 6,000 என்று வைப்போம். வாங்குபவரின் மிச்ச வேலை 40,000-இலிருந்து 28,000-க்கு இறங்கும், பயத்தொகை 12,000-இலிருந்து 5,000-க்கு. விலை 57,000. செலவு போக 51,000. அதே வேலையைக் கடையில் 12,000-க்குக் கொடுத்தாலும் காகிதத்தில் 45,000 நிற்கும். ஆனால் கடையில் நாள் இழுத்துக் கூலி ஏறினால் அந்த லாபம் கரைந்துபோகும்.

எல்எஸ்3-ஐ இந்த வண்டியில் ஓடவைக்கும்போது இடறும் இடங்கள் தெரிந்தவைதான். பழைய எல்எஸ்1 காலத்து இன்ஜின்களின் கிராங்க் சென்சார் சக்கரத்தில் 24 பல். எல்எஸ்3-இல் 58 பல். மலிவாகக் கிடைத்ததென்று பழைய தலைமுறை வயரிங் ஹார்னஸையும் கம்ப்யூட்டரையும் வாங்கி வைத்திருந்தால் ஒன்றோடொன்று பேசாது, ஸ்பார்க்கே வராது. எல்எஸ்3-க்கு இ38 கம்ப்யூட்டரும் அதற்குரிய எலக்ட்ரானிக் பெடலும் வேண்டும், கேபிள் திராட்டில் ஒத்துவராது. எரிபொருள் அழுத்தம் 58 பிஎஸ்ஐ வேண்டும். கார்புரேட்டருக்கான பழைய பம்ப் ஏழு பிஎஸ்ஐ கொடுத்தாலே அதிகம். டாங்குக்குள் பம்ப் வைத்து, 1999 முதல் 2003 வரை வந்த கார்வெட்டின் ஃபில்டரோடு சேர்ந்த ரெகுலேட்டரை டாங்குக்குப் பக்கத்திலேயே போட்டால் திரும்பும் குழாயைப் பின்னாலேயே முடித்துவிடலாம், இன்ஜினுக்கு ஒரே குழாய் போதும். ஆயில் பேனையும் பாருங்கள்: டிரக் இன்ஜினில் வரும் பேன் இந்த வண்டியில் கிராஸ்மெம்பருக்கு (குறுக்குச் சட்டம்) கீழே தொங்கும், முதல் வேகத்தடையிலேயே அடிவாங்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் ஏற்றுவதில்தான் பல புது இன்ஜின்கள் பாழாகின்றன. ஸ்மால் பிளாக் எனப்படும் செவ்ரலேயின் பழைய வி8-இல் ஆயில் பம்பை டிஸ்ட்ரிபியூட்டர் சுழற்றும். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு, அந்த ஓட்டை வழியாக டிரில் மெஷினால் பம்பைச் சுற்றி அழுத்தம் ஏற்றலாம். எல்எஸ் குடும்பத்தில் பம்ப் கிராங்க்கின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது, டிரில் வித்தை செல்லாது. ஆயில் கேலரியின் முன்பக்க ஓட்டை வழியாக அழுத்த டாங்கில் ஆயிலை உள்ளே தள்ளவேண்டும். அல்லது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டரையும் காயிலையும் துண்டித்து, பத்து விநாடி சுற்றுவதும் ஸ்டார்ட்டர் ஆறவிடுவதுமாக, கேஜ் முள் எழும்வரை செய்யவேண்டும். முள் எழாமல் தீப்பொறி கொடுக்கக்கூடாது. இரண்டு வருடம் ஸ்டாண்டில் நின்ற இன்ஜினில் பேரிங் மேல் தடவிய மசகு வழிந்து போயிருக்கும். நம் வண்டியில் எல்எஸ்3-க்குப் பதில் பழைய ஃப்ளாட் டாப்பெட் கேம் (உருளை இல்லாமல் உரசி ஓடும் வகை) போட்ட 396 கன அங்குல இன்ஜின் இருந்தால், முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில் இருபது முப்பது நிமிடம், துத்தநாகம் அதிகமுள்ள ஆயிலோடு, ஓட்டியே ஆகவேண்டும். ஐட்லிங்கில் விட்டால் கேம் லோப் தேய்ந்து போகும். அதனால், ரேடியேட்டர் கசிகிறதா, டைமிங் சரியா என்பதை முன்னாலேயே பார்த்து வையுங்கள்.

ஓடியதும் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்றழுத்தம் எவ்வளவு கசிகிறது என்ற சோதனை) எடுத்து எட்டு சிலிண்டர் எண்களையும் எழுதுங்கள். வீடியோவைக் குளிர்ந்த இன்ஜினோடு தொடங்குங்கள். பானெட்டைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஹெடரைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டு, வெட்டாமல் சாவியைத் திருப்புங்கள். ஆயில் முள், வெப்ப முள், ஸ்டீரிங் இரு பக்கமும் முழுதாகத் திரும்புவது, பிரேக் பெடல் உயரத்தில் நிற்பது, வீட்டு வாசல் பாதையில் முன்னும் பின்னும் பத்தடி. இவ்வளவும் ஒரே வீச்சில்.

இங்கே நிறுத்திவிடவேண்டும். பெயின்ட் அடிக்கவேண்டாம். நிறம் ரசனை. ஆரஞ்சு அடித்த வண்டியை நீலம் விரும்புகிறவர் வாங்கமாட்டார், வாங்கினாலும் மறுபடி அடிக்கும் செலவைக் கழிப்பார். மேலும், விற்பனைக்கு முன் அவசரமாக அடித்த புதுப் பெயின்ட் "அடியில் என்ன மறைக்கிறார்கள்?" என்ற கேள்வியையே கிளப்பும். பிரைமரில் இருக்கும் பாடி நேர்மையாகத் தெரியும்.

இரண்டாகப் பிரித்து விற்பதை எப்போது யோசிக்கலாம்? வண்டியில் ஏறவேண்டிய இன்ஜின் பலருக்கும் பொதுவானதாகவும், பாடியில் செய்த மாற்றங்கள் ஒரு சிலருக்கே பிடிப்பதாகவும் இருக்கும்போது. பின் சக்கரக் கிணற்றை வெட்டி அகலமாக்கி 335 மில்லிமீட்டர் அகல டயர் வைத்த பாடியை எல்லோரும் கேட்கமாட்டார்கள். ஆனால் எல்எஸ்3-ஐ செவெல், நோவா, பழைய டிரக் என்று எத்தனையோ வண்டிக்காரர்கள் தேடுகிறார்கள். ரசீதோடு உள்ள இன்ஜினும் கியர்பாக்ஸும் நம் கணக்கில் 16,000-க்கு 12,000 தரும். உயர்ந்த சக்கரங்களைக் கழற்றி விற்று மலிவான ஸ்டீல் சக்கரத்தில் பாடியை நிறுத்தினால் 3,000. பாடி 27,000. மொத்தம் 42,000. அப்படியே விற்பதைவிட 4,000 அதிகம், ஆனால் மூன்று வியாபாரம், மூன்று பேரம், இன்ஜினுக்குப் பலகைக் கூண்டும் லாரிச் செலவும். இன்ஜின் முதலில் போய்விட்டால் பாடி மாதக்கணக்கில் நிற்கும் ஆபத்தும் உண்டு. அதனால் இரண்டுக்கும் ஒரே நாளில் விளம்பரம் போட்டு, பாடிக்கு ஆள் கிடைத்து அட்வான்ஸ் வாங்கிய பிறகே இன்ஜினை விடுவது நல்லது.

ஆணி வரை கழற்றி விற்பது 1969 கமேரோவுக்குச் சரிப்படாது. இந்த வண்டிக்கு ஃபெண்டர் முதல் முழு பாடி ஷெல் வரை புதிதாகவே தயாராகிறது. பழைய தகரத்துக்கு அதனால் கிராக்கி குறைவு. விலைபோவது ஒரிஜினல் சாமான்தான்: தேதிக் குறியோடு உள்ள மன்சி கியர்பாக்ஸ், 12 போல்ட் பின் அச்சு, மறையும் ஹெட்லைட் கொண்ட ஆர்எஸ் முகப்பு, மரம் போன்ற பிடியுள்ள ஸ்டீரிங். ஜேஎல்8 என்ற நான்கு சக்கர டிஸ்க் பிரேக் 206 கமேரோக்களில்தான் வந்தது என்பதால் அதைத் தேடுகிறவர்கள் தனியாக இருக்கிறார்கள். ஏஎம்எக்ஸ், ஜாவலின் போன்ற அமெரிக்கன் மோட்டார்ஸ் வண்டிகளின் கதை வேறு. அவற்றுக்கு மறுதயாரிப்புச் சாமான் குறைவு, ஒரு டெயில் லைட் கூட நல்ல விலை போகும், உதிரியாக விற்பது அங்கே அர்த்தமுள்ள வழி. எதுவானாலும் வின் பிளேட்டை (வண்டியின் அடையாள எண் பொறித்த தகடு) கழற்றித் தனியாக விற்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். புது ஷெல்லில் பழைய பிளேட்டை மாற்றிப் பொருத்திய வண்டி கையில் இருந்தால், விற்பதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

எந்த வழியையும் தேர்ந்தெடுக்கும் முன் வண்டி உண்மையில் என்ன என்று பாருங்கள். 1968 முதல் வின் டாஷ்போர்டின் இடது ஓரத்தில், கண்ணாடி வழியாகத் தெரியும். 124379 என்று தொடங்கினால் வி8 இன்ஜினோடு பிறந்த 1969 கூப்பே, 123379 என்றால் ஆறு சிலிண்டர். அடுத்த எழுத்து என் என்றால் ஓஹையோவின் நார்வுட் ஆலை, எல் என்றால் லாஸ் ஏஞ்சலஸ், அதாவது வான் நைஸ். நார்வுட் வண்டிகள் பலவற்றின் கௌல் தகட்டில் எக்ஸ் குறியீடு இருக்கும். எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 என்றால் அது சேகரிப்பாளர்கள் தேடும் இசட்/28 வகை. அப்படியிருந்து, மூலையில் சாக்கு போர்த்திய இசட்/28-க்கே உரிய டிஇசட் முத்திரை 302 கன அங்குல இன்ஜினில் வண்டியின் வின் எண்களே பொறித்திருந்தால், மேலே சொன்ன கணக்கு முழுவதையும் மறந்துவிடுங்கள். அந்த இன்ஜினைப் பிரிக்கவே கூடாது. எல்எஸ்3-ஐத் தனியே விற்று, ஒரிஜினல் பாகங்களைச் சேர்த்து, மீட்டெடுக்கத் தகுந்த இசட்/28 என்று விற்கவேண்டும். வண்டி ஆலையில் எப்படிப் பிறந்தது என்று காட்ட, ஃபோர்டு வண்டிகளுக்கு 1967 முதல் மார்ட்டி ரிப்போர்ட் கிடைக்கும், பான்டியாக்குக்கு பிஎச்எஸ் ஆவணம் உண்டு. கமேரோவுக்கு அப்படி இல்லாததால் பில்ட் ஷீட் என்ற ஆலைத் தாளும், வாரண்டிப் புத்தகத்தில் வந்த ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் தகடும் பெரும் மதிப்புடையவை. இருக்கையைப் பிரித்தபோது ஸ்பிரிங்குக்குள் கிடைத்த மஞ்சள் காகிதம் அந்த பில்ட் ஷீட்டாக இருக்கலாம், குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், உங்கள் பெயரில் இருக்கவேண்டும், அதன் எண் வின்னோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போகவேண்டும். முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்டு, உங்கள் பெயருக்கு மாற்றாமலே வைத்திருக்கும் டைட்டிலோடு விற்கக் கிளம்பாதீர்கள். நியூயார்க்கில் 1972 வரையான வண்டிகளுக்கு டைட்டில் கிடையாது, மாற்றித்தரக்கூடிய பதிவுச் சான்றுதான். வெளிமாநிலத்தவருக்கு இதை முன்கூட்டியே விளக்குங்கள். வண்டி ஏதேனும் கடையில் பாக்கியோடு நின்றிருந்தால் கடைக்காரருக்கு வண்டிமேல் பிடிமானம் இருக்கும், பாக்கியைத் தீர்த்து எழுத்தில் வாங்குங்கள்.

எங்கே விற்பது என்பது வழியைப் பொறுத்தது. அப்படியே விற்கும் வண்டியை நேரடி ஏல மேடைக்குக் கொண்டுபோகவேண்டாம். மேடையில் சில நிமிடம்தான், ஓடாத வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு வருவார்கள், பெட்டிகளை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. கமிஷன் கடைகளிலும் ஓடாத வண்டி பின்வரிசைக்குப் போய்விடும். ஓடும் வண்டியென்றால் பிரிங் எ டிரெய்லர் மாதிரியான ஆன்லைன் ஏலம் பொருந்தும். இருநூறு படங்கள் போடலாம், நாள்கணக்கில் கேள்விகள் வரும், ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே பதில் சொல்ல ஆளிருந்தால் விலை ஏறும். அங்கே ஏலம் எடுப்பவர் 5 சதவீதக் கட்டணம் கட்டுவார், அதையும் மனதில் வைத்துத்தான் விலை கேட்பார். அப்படியே தள்ளுவதற்கு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கிரெய்க்ஸ்லிஸ்ட், ஹெம்மிங்ஸ் விளம்பரம் போதும். ஒரிஜினல் உதிரிகளுக்குப் பென்சில்வேனியாவின் கார்லைல் சந்தை, அக்டோபரில் ஹெர்ஷி, கலிஃபோர்னியாவின் பொமோனா.

பணம் வாங்கும்போது வயர் டிரான்ஸ்ஃபர் கணக்கில் ஏறியபின், அல்லது வாங்குபவரின் வங்கிக் கிளையிலேயே உட்கார்ந்து, வங்கியே எழுதித்தரும் காசாளர் காசோலையைக் கைமாற்றியபின் மட்டும் டைட்டிலில் கையெழுத்து. வீட்டுக்கு வரும் காசாளர் காசோலைகளில் போலி அதிகம். விற்பனைச் சீட்டில் உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை என்று எழுதி, பைகளின் எண் பட்டியலை இணைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். கலிஃபோர்னியாவில் விற்ற ஐந்து நாளுக்குள் உரிமை விடுவிப்பு அறிவிப்பைப் போக்குவரத்துத் துறைக்குக் கொடுக்கவேண்டும். சொந்த விருப்பத்துக்கு வைத்திருந்த வண்டியில் வந்த நஷ்டத்தை அமெரிக்க வருமான வரியில் கழிக்க முடியாது. ஆகவே "வரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விலையை விட்டுக்கொடுக்கவேண்டாம்.

கால அளவும் முன்னாலேயே முடிவாகட்டும். வடமாநிலங்களில் பிப்ரவரி கடைசியில் விளம்பரம் போடுங்கள், பனி உருகும்போது ஆட்கள் வருவார்கள். நான்கு வாரத்தில் நேரில் வந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லையென்றால் விலை அதிகம், பத்து சதவீதம் குறையுங்கள். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் வாங்காமல் போனால் குறை விலையில் இல்லை, வண்டியில். அவர்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி என்னவென்று குறித்து, அந்த ஒன்றைச் சரிசெய்யுங்கள். எட்டு வாரம் தாண்டியும் நகரவில்லையென்றால் இரண்டாகப் பிரிக்கும் வழிக்குப் போகலாம். இன்ஜினை அதுவரை ஸ்டாண்டிலேயே வைத்து, இன்டேக் துளைகளுக்கும் எக்ஸாஸ்ட் துளைகளுக்கும் டேப் ஒட்டி, மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு, கிராங்க்கை இரண்டு சுற்று கையால் சுற்றி வையுங்கள்.